இடமும் காலமும்: தீப்புண் மருத்துவத்தில் உயிரி அச்சுத் தோலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தீப்புண்ணால் அழிந்த தோலுக்கு ஈடாகப் புதிய தோலை அச்சுப்பொறியின் துணையுடன் அமைக்கும் முயற்சி, 21-ஆம் நூற்றாண்டின் தனித்த கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அம்முயற்சியை 1869 முதல் தொடரும் தோல் ஒட்டு மருத்துவத்தின் நீட்சியாக இக்கட்டுரை ஆராய்கிறது. ரெவெர்டினின் தோல் துண்டுகள், மெடவாரின் நோயெதிர்ப்பு ஆய்வு, பர்க்–யான்னாஸ் இணையரின் செயற்கை அடித்தோல், ஹோவர்ட் கிரீனின் செல் வளர்ப்பு ஆகிய நான்கு நிலைகளும் அச்சுத் தோலுக்குள் எவ்வாறு தொடர்கின்றன என்பது விளக்கப்படுகிறது. செல்களை உரிய இடத்தில் வைக்கும் சிக்கலை அச்சுப்பொறி பெருமளவு தீர்த்துள்ளது. செல்கள் பெருகுவதற்கும் இரத்த ஓட்டம் பெறுவதற்கும் வேண்டிய காலம் என்னும் பழைய சிக்கல் தீராமல் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தீப்புண், தோல் ஒட்டு, செல் வளர்ப்பு, உயிரி அச்சு, கொலாஜன், மருத்துவ வரலாறு.

1. முன்னுரை

மனித உடலின் மிகப் பரந்த உறுப்புகளுள் ஒன்று தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். வெளிப்புறத்தில் மேல்தோலும் அதன்கீழ் அடித்தோலும் அமைந்துள்ளன. மேல்தோல் மெல்லியது. கெரட்டினோசைட் எனப்படும் செல்களால் பெரும்பாலும் ஆன அது, உடலின் நீர் வெளியேறாமலும் நுண்ணுயிர்கள் உள்ளே நுழையாமலும் காக்கிறது. அடித்தோல் தடித்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உருவாக்கும் கொலாஜன் இழைகள் அதற்கு உறுதி அளிக்கின்றன. இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவை இவ்வடித்தோலில்தான் நிலைகொண்டுள்ளன.

மேலோட்டமான தீப்புண், எஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் பெருகும் செல்களால் தானே மூடிக்கொள்கிறது. அடித்தோல் முழுவதும் எரிந்துவிட்டால் அந்த ஊற்றுகள் அழிந்துபோகின்றன. புண்ணின் ஓரங்களிலிருந்து மட்டுமே செல்கள் உள்நோக்கி நகர இயலும். சிறிய புண்ணுக்கு இது போதுமானது. மார்பும் முதுகும் முழுமையாக எரிந்த ஒருவருக்கு இது போதாது. திறந்த புண்ணின் வழியே நீரும் புரதமும் வெளியேறுகின்றன. நுண்ணுயிர்கள் குருதியில் கலக்கின்றன. ஆகவே தீப்புண் மருத்துவம், புண் திறந்திருக்கும் நாள்களுக்கும் அதை மூடும் திறனுக்கும் இடையே நிகழும் போட்டியாக அமைகிறது.

இப்போட்டியில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. எந்தச் செல்லை எங்கே வைப்பது என்பது முதல் வினா. வேண்டிய அளவு செல்கள் எப்போது கிடைக்கும், வைத்தபின் அவை எவ்வளவு நேரம் உயிர்த்திருக்கும் என்பது இரண்டாம் வினா. இவற்றை முறையே இடச் சிக்கல், காலச் சிக்கல் எனக் குறிக்கலாம். அச்சுத் தோலின் வரலாற்றை இவ்விரு சிக்கல்களின் அடிப்படையில் அணுகும்போது, அத்தொழில்நுட்பம் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பது தெளிவாகிறது.

2. மடலும் ஒட்டும்

இந்திய மருத்துவ வரலாற்றில் தோல் சீரமைப்பைப் பற்றிய பேச்சு சுஸ்ருத சம்கிதையிலிருந்து தொடங்குவது வழக்கம். அறுபட்ட மூக்கைக் கன்னத் தோலால் சீரமைக்கும் முறையை அந்நூல் விவரிக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கை அமைக்கும் முறை புனே பகுதியில் வழக்கிலிருந்ததை இலண்டனிலிருந்து வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794-இல் வெளியிட்டது. அதனைத் தொடர்ந்தே ஜோசப் கார்ப்யூ இங்கிலாந்தில் அம்முறையைக் கையாண்டு 1816-இல் நூலாக்கினார்.

இம்முறையைத் தோல் ஒட்டிலிருந்து வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. மேற்கூறிய முறையில் தோல் உடலிலிருந்து முழுமையாகத் துண்டிக்கப்படுவதில்லை. ஒரு காம்பு போன்ற பகுதியால் அது பழைய இடத்தோடு இணைந்திருக்கிறது. அக்காம்பின் வழியே குருதியைப் பெறுகிறது. இதனைத் தோல் மடல் எனலாம். தோல் ஒட்டில் தோல் முற்றிலும் துண்டிக்கப்பட்டு வேறிடத்தில் வைக்கப்படுகிறது. முதலிரு நாள்களில் புண்ணிலிருந்து ஊறும் நீர்மத்தை உறிஞ்சி அது உயிர்த்திருக்கிறது. பின்னர்ப் புண்ணின் நுண்குழாய்கள் அதனுள் இணைந்து வளர்கின்றன. இந்த இடைப்பட்ட நேரத்தைத் தாங்கும் அளவுக்கு ஒட்டு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மடலுக்கும் ஒட்டுக்கும் உள்ள இவ்வேறுபாடு 150 ஆண்டுகளுக்குப் பின் அச்சுத் தோலின் முன்னும் அதே வடிவில் வந்து நிற்கிறது.

1869 டிசம்பரில் பாரிசில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜாக் லூயி ரெவெர்டின், மிகச் சிறிய மேல்தோல் துண்டுகளைத் திறந்த புண்ணின்மீது ஆங்காங்கே வைத்து, அவை தீவுகளைப் போல விரிந்து ஒன்றுகூடியதை அறுவை மருத்துவர் கழகத்தில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஜார்ஜ் போலாக், தொடையில் ஆறாத தீப்புண் கொண்ட ஒரு சிறுமிக்கு இம்முறையைக் கையாண்டார். ஒட்டு முறை தீப்புண்ணுக்குப் பயன்பட்ட தொடக்கக்கால நிகழ்வு இது. சிறுமியின் தோலோடு பிறரின் தோலையும் போலாக் வைத்துப் பார்த்தார் என்பது பின்வரும் பகுதிக்கு முன்னுரையாகிறது.

லியோன் நகரின் ஒலியே 1872-இலும் லைப்சிக் நகரின் கார்ல் தியர்ஷ் 1874 முதலும் துண்டுகளுக்கு மாற்றாக மெல்லிய பரந்த தோல் ஏடுகளைச் சீவி எடுக்கும் முறையை வளர்த்தனர். கிளாஸ்கோவின் ஜான் வுல்ஃப் 1875-இல் முழுத்தடிப்புத் தோலை ஒட்டினார். 1939-இல் ஏர்ல் பேட்ஜெட் அறிமுகப்படுத்திய தோல்சீவும் கருவி, ஏட்டின் தடிப்பை மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் கட்டுப்படுத்த வழிசெய்தது. 1964-இல் டானரும் உடன் பணியாற்றியோரும் தோல் ஏட்டில் வரிசையாகச் சிறு வெட்டுகளை இட்டு, வலைபோல விரித்து, அதன் பரப்பைவிடப் பெரிய புண்ணை மூடினர்.

இக்கருவிகள் அனைத்தும் இருக்கும் தோலைப் பங்கிடும் கருவிகளே. உடலில் 20 விழுக்காடு எரிந்தவருக்குப் பங்கிடுவதற்குத் தோல் உண்டு. 80 விழுக்காடு எரிந்தவருக்கு எஞ்சிய தோலை எத்தனை முறை சீவினாலும், சீவிய இடம் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் சீவ வேண்டியுள்ளது.

3. பிறர் தோலின் எல்லை

தன் தோல் போதாதவருக்குப் பிறர் தோலை ஒட்டலாம் என்ற எண்ணம் இயல்பானது. இறந்தவரின் தோலைப் பயன்படுத்திய முயற்சியும் 1881-இல் நியூயார்க்கிலிருந்து பதிவாகியுள்ளது. முதற்சில நாள்களில் பிறர் தோல் நன்கு பற்றிக்கொண்டது போலத் தோன்றி, பின்னர் உதிர்ந்தது. சிலர் அதனை அறுவை முறையின் குறையாகக் கருதினர்.

இரண்டாம் உலகப் போர் இவ்வினாவை அவசரமாக்கியது. விமானங்களின் எரிபொருள் பற்றியதால் முகமும் கைகளும் எரிந்த இளம் வீரர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தனர். இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அத்தகையோருக்குப் பலகட்ட அறுவைகளைச் செய்துவந்தார். ஆக்ஸ்போர்டின் விலங்கியலாளர் பீட்டர் மெடவாரின் கவனமும் ஒரு விமான விபத்தில் எரிந்தவரின் நிலையால் இத்துறைக்குத் திரும்பியது.

மெடவார் கிளாஸ்கோ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் இணைந்து, தீப்புண்பட்ட ஒரு பெண்ணிடம் அவருடைய தோல் துண்டுகளையும் அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளையும் ஒட்டி, நாள்தோறும் ஏற்பட்ட மாற்றங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சகோதரரின் துண்டுகள் சிதைந்தன. மீண்டும் அதே சகோதரரின் தோல் வைக்கப்பட்டபோது, சிதைவு முன்னைவிட விரைவாக நிகழ்ந்தது. இரண்டாம் முறை விரைவு கூடியதால், உடல் அத்தோலை நினைவில் வைத்துள்ளது எனவும் இது நோயெதிர்ப்பின் செயல் எனவும் இருவரும் 1943-இல் முடிவுசெய்தனர். இவ்வாய்வின் வழிவந்த பணிகளுக்காக மெடவார் 1960-இல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு இக்கண்டுபிடிப்பு வாயிலைத் திறந்தது. தீப்புண் மருத்துவத்துக்கோ அது ஒரு எல்லையை வரைந்தது. பிறர் தோல் தற்காலிகப் போர்வையாகப் பயன்படும். நிலையான தோல் நோயாளியின் சொந்தச் செல்களிலிருந்தே வரவேண்டும். இறந்தோரின் தோலை 85 விழுக்காடு கிளிசராலில் பாதுகாத்து வழங்கும் இன்றைய தோல் வங்கிகள் இவ்வெல்லைக்குள் நின்றே பணியாற்றுகின்றன.

4. காலத்தை ஈட்டிய செயற்கை அடித்தோல்

எரிந்த திசு தானே கழன்று விழும்வரை காத்திருந்து ஒட்டுவதே நெடுங்கால வழக்கம். அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய ஸோரா யான்ஸெகோவிச், எரிந்த பகுதியை முதற்சில நாள்களிலேயே அடுக்கடுக்காகச் சீவியெடுத்து உடனே ஒட்டும் முறையை வகுத்து, 1970-இல் வெளியிட்ட கட்டுரையால் உலகின் கவனத்தை ஈர்த்தார். நோய்த்தொற்றுக்கு இடங்கொடுக்கும் இறந்த திசுவை முன்கூட்டியே அகற்றுவது உயிர்களைக் காத்தது. ஆயினும் சீவியெடுத்த பரப்பை உடனே மூட வேண்டிய கட்டாயத்தையும் அது உண்டாக்கியது.

இக்கட்டாயத்துக்கு விடை தேடியவர்களுள் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பாலிமர் அறிஞர் இயோனிஸ் யான்னாஸும் முதன்மையானோர். மாட்டின் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டையும் இணைத்து, நுண்துளைகள் நிறைந்த ஒரு படலத்தை இவர்கள் உருவாக்கினர். அதன்மேல் மெல்லிய சிலிக்கோன் ஏடு மேல்தோலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்தது. புண்ணில் வைக்கப்பட்ட படலத்துக்குள் நோயாளியின் செல்களும் குருதிக் குழாய்களும் ஊடுருவின. சில வாரங்களில் பழைய கொலாஜன் கரைந்து, நோயாளியின் சொந்த அடித்தோல் போன்ற திசு அங்கே உருவானது. அதன்பின் சிலிக்கோனை அகற்றி மிக மெல்லிய மேல்தோல் ஒட்டை வைத்தால் போதுமானதாயிற்று. 10 நோயாளிகளிடம் பெற்ற முடிவுகள் 1981-இல் வெளியாயின. இன்டெக்ரா என்னும் பெயரில் இப்பொருளுக்கு அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பு இரண்டு பாடங்களைத் தந்தது. முதலாவது, செல் இல்லாத ஒரு சாரமும் செல்களை வழிநடத்தும். கட்டடத்தை எழுப்பிய பின் சாரம் பிரிக்கப்படுவது போல, அது தன் பணியை முடித்துக் கரைந்துபோகலாம். இரண்டாவது, இறுதி ஒட்டுக்கு முன் மருத்துவர்களுக்குச் சில வாரக் காலத்தை அது ஈட்டித் தந்தது. பின்னாளில் உயிரி மை எனப்பட்ட கொலாஜன், ஃபைப்ரின் கலவைகள் முதற்பாடத்தின் வழிவந்தவை.

5. செல்லைப் பெருக்குதல்

பரப்புப் பற்றாக்குறைக்கான நேரடி விடை வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனித மேல்தோல் செல்களைத் தொடர்ந்து பெருக்கும் முறையை 1975-இல் வெளியிட்டனர். அதற்கு முன்னர் அச்செல்கள் வளர்ப்புத் தட்டில் மிகக் குறைவாகவே பெருகின. கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலி ஃபைப்ரோபிளாஸ்ட்களை அடித்தளமாக இட்டபோது, மனிதக் கெரட்டினோசைட்கள் அவற்றின் ஊட்டத்தால் குழுமங்களாகப் பெருகின. குழுமங்கள் இணைந்து பல அடுக்கு ஏடாயின. 1979-இல் அவ்வேட்டைச் சிதையாமல் தட்டிலிருந்து பிரிக்கும் நொதிமுறையும் கைவந்தது.

1981-இல் இத்தகைய ஏடுகள் முதன்முதலில் தீப்புண் நோயாளிகளுக்கு ஒட்டப்பட்டன. 1983-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எரிந்த, 5 வயதும் 6 வயதும் உடைய இரு சகோதரர்கள் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். இருவருக்கும் உடற்பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் எரிந்திருந்தது. எஞ்சிய சிறிய தோல்பகுதியிலிருந்து வளர்த்த ஏடுகளால் ஏறத்தாழப் பாதி உடல் மூடப்பட்டது, இருவரும் பிழைத்தனர். 1984-இல் வெளியான இம்மருத்துவ அறிக்கை, தோல் என்பது உடலுக்கு வெளியே வளர்க்கக்கூடிய ஒன்று என்பதை நிறுவியது.

ஆயினும் அவ்வேடுகளின் வரம்புகளும் விரைவில் வெளிப்பட்டன. அவற்றை வளர்க்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் தேவைப்பட்டன. சில செல்களின் தடிப்பே கொண்டிருந்ததால் எளிதில் கிழிந்தன, கொப்பளித்தன. அடித்தோல் இல்லாத இடத்தில் ஒட்டப்பட்டபோது தழும்பும் சுருக்கமும் மிகுந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் குயோனோவும் உடன் பணியாற்றியோரும், இறந்தவரின் தோலை முதலில் ஒட்டி, அதன் மேல்தோலை மட்டும் நீக்கி, எஞ்சிய அடித்தோலின்மீது வளர்த்த ஏட்டை வைக்கும் முறையை 1986-இல் அறிவித்தனர். அடித்தோலின் மீது மேல்தோல் என்ற உடலின் இயற்கை வரிசையே நிலையான முடிவைத் தரும் என்பது இதனால் உறுதிப்பட்டது. 1980-களின் நடுப்பகுதியில் தேவைகள் தெளிவாகிவிட்டன: சொந்தச் செல், சாரம், இரு அடுக்கு, விரைவு. இவற்றை ஒன்றுசேர்த்து அடுக்கும் கருவியே எஞ்சியிருந்தது.

6. அலுவலக அச்சுப்பொறி ஆய்வகத்துக்குள் வருதல்

அக்கருவி மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1980-களில் இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் அலுவலகங்களில் பரவின. நுண்ணிய துளையின் வழியே மைத்துளியைக் கணினி குறிக்கும் புள்ளியில் உதிர்ப்பதே அவற்றின் செயல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த ராபர்ட் கிளீபி 1988-இல், மைக்கு மாற்றாக ஃபைப்ரோநெக்டின் என்னும் புரதத்தை அத்தகைய அச்சுப்பொறியில் இட்டார். செல்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதம் அது. அச்சிடப்பட்ட கோடுகளின்மீது மட்டும் செல்கள் ஒட்டிக்கொண்டன. செல்களை எழுத்தைப் போல இடம்பார்த்து வைக்க முடியும் என்பதையும், அடுக்குகளைச் சேர்த்து முப்பரிமாணத் திசுவை அமைக்கலாம் என்பதையும் அவர் முன்வைத்தார்.

செல்லையே துளியாக உதிர்க்கும் முயற்சி 2000-க்குப் பின் வலுப்பெற்றது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் கடைகளில் கிடைக்கும் அச்சுப்பொறிகளை மாற்றியமைத்து, மைக்கூட்டைத் தூய்மையாக்கி, செல்கள் மிதக்கும் நீர்மத்தை அதில் நிரப்பினார். இவ்வகை அச்சுப்பொறிகளில் மை கணநேரம் மிகச் சூடாக்கப்பட்டு, குமிழியின் அழுத்தத்தால் துளி வெளியேறுகிறது. அவ்வெப்பத்தில் செல்கள் மடியும் என்ற ஐயம் இயல்பானது. வெப்பம் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் பெரும்பாலான செல்கள் உயிருடன் வெளிவந்தன என 2005-இல் அவருடைய குழு வெளியிட்டது. இதே காலத்தில் விளாதிமிர் மிரோனோவ், போலண்ட் உள்ளிட்டோர் 2003-இல் எழுதிய கட்டுரை உறுப்பு அச்சு என்ற கருத்தைப் பரவலாக்கியது.

அச்சு என்னும் சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாக்குதல் நலம். ஈய எழுத்துகளின் காலத்தில் அச்சுக்கோப்பவர் எழுத்தை வார்ப்பதில்லை. ஏற்கெனவே வார்க்கப்பட்டு அறைகளில் கிடக்கும் எழுத்துகளை எடுத்து, உரிய வரிசையில் கோப்பதே அவர் தொழில். வார்ப்படத்தில் எழுத்து குறைந்தால் கோப்பவரின் விரைவு பயன்படாது. உயிரி அச்சுப்பொறியும் செல்லை உருவாக்குவதில்லை. கிரீனின் முறை போன்ற வளர்ப்பு முறைகளால் முன்னரே பெருக்கப்பட்ட செல்களை வரிசைப்படுத்துகிறது. தோலை அச்சிடுதல் என்ற வழக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கோக்கப்பட்ட எழுத்து அசைவதில்லை. செல்லோ வைத்தபின் நகர்கிறது, பெருகுகிறது, மடிகிறது என்பதையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

7. தோலை அடுக்கிய முயற்சிகள்

உயிரி அச்சு ஆய்வாளர்கள் தோலை முதன்மை இலக்குகளுள் ஒன்றாகத் தேர்ந்தது தற்செயலானதன்று. தோல் மெல்லியது, தட்டையான அடுக்குகளால் ஆனது, அதன் இருவகை முதன்மைச் செல்களையும் வளர்க்கும் கலை முன்னரே கைவந்திருந்தது. இத்துறையின் ஆய்வுகளை இரு வழிகளாகப் பகுக்கலாம்: ஆய்வகத்தில் தோலை அச்சிட்டு, முதிர்ச்சியடைந்த பின் நோயாளிக்கு ஒட்டுதல், புண்ணின்மீதே நேரடியாக அச்சிடுதல்.

முதல் வழியில் ஜெர்மனியின் ஹானோவர் லேசர் மையத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். துளையின்றி, லேசர் துடிப்பின் விசையால் செல்துளிகளைத் தள்ளி வைக்கும் முறையை அவர்கள் கையாண்டனர். 2012-இல் 20 அடுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் அவற்றின்மேல் 20 அடுக்குக் கெரட்டினோசைட்களையும் கொலாஜன் சாரத்தில் அமைத்துக் காட்டினர். 2013-இல் அத்தகைய தோலை எலியில் ஒட்டி, 11 நாள்களில் மேல்தோல் அடுக்கு உருவானதையும் புண்ணின் பக்கத்திலிருந்து குருதிக் குழாய்கள் நுழையத் தொடங்கியதையும் பதிவுசெய்தனர்.

2017-இல் மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகத்தின் ஹோசே லூயிஸ் ஹோர்கானோவும் உடன் பணியாற்றியோரும் மனிதப் பிளாஸ்மாவை அடித்தளமாகக் கொண்டு இரு அடுக்குத் தோலை அச்சிட்டனர். 100 சதுர சென்டிமீட்டர் தோலை அமைக்க 35 நிமிடங்களுக்கும் குறைவாகவே ஆயிற்று. அதிலும் பெரும்பகுதி நேரம் பிளாஸ்மா உறைவதற்கே செலவாகிறது. இவ்வெண்ணைத் தீப்புண்ணின் அளவோடு பொருத்திப் பார்க்கலாம். 1.7 சதுர மீட்டர் தோல் கொண்ட ஒருவருக்குப் பாதி எரிந்திருந்தால் 8,500 சதுர சென்டிமீட்டர் தேவை. ஒன்றன்பின் ஒன்றாக 85 முறை அச்சிட்டாலும் ஏறத்தாழ 50 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு பரப்புக்கு வேண்டிய சொந்தச் செல்களைப் பெருக்குவது வாரக்கணக்கில் நிகழும் வேலை. 1983-இல் பாஸ்டன் மருத்துவர்கள் காத்திருந்த அதே வாரங்கள் இன்றும் அச்சுப்பொறிக்கு முன்னால் நிற்கின்றன.

இரண்டாம் வழிக்கு இராணுவத் தேவை உந்துதலாயிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் எரிந்த வீரர்களின் மருத்துவத்துக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008-இல் ஒரு மறுவாக்க மருத்துவக் கூட்டமைப்பைத் தொடங்கியது. அதில் பங்கேற்ற வேக் ஃபாரஸ்ட் நிறுவனத்தின் ஆந்தனி அட்டாலா, ஜேம்ஸ் யூ ஆகியோரின் குழு, புண்ணின் மேடுபள்ளங்களை ஒளிவருடியால் அளந்து, எந்த ஆழத்தில் எந்தச் செல் என்று கணித்து, நேரடியாகப் புண்ணில் உதிர்க்கும் நகர்த்தத்தக்க கருவியை அமைத்தது. பன்றிகளில் 10 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள புண்களில் பெற்ற முடிவுகள் 2019-இல் வெளியாயின. அவ்விலங்கின் சொந்தச் செல்களை அச்சிட்ட புண்கள் விரைவாக மூடின, சுருக்கமும் குறைந்தது. வேறு பன்றியின் செல்களை அச்சிட்ட புண்களில் அப்பயன் கிட்டவில்லை. கருவி புதியதாயினும், 1943-இல் வரையப்பட்ட எல்லையை அதனால் கடக்க இயலவில்லை என்பது வரலாற்று நோக்கில் கருதத்தக்கது.

டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஆக்செல் குந்தர் குழு 2018-இல் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள கைக்கருவியை அறிவித்தது. ஒட்டுநாடாவை உருட்டி ஒட்டுவது போல, செல்கள் கலந்த களிப்பட்டையைப் புண்ணின்மீது அது விரிக்கிறது. 2020-இல் பன்றிகளின் தீப்புண்களிலும் அது சோதிக்கப்பட்டது.

8. அச்சின்றி நிகழ்ந்தவை

அச்சுத் தோல் வளர்ந்துவந்த ஆண்டுகளிலேயே வேறிரு முயற்சிகள் நோயாளிகளிடம் பயன்கண்டன. இவற்றைச் சேர்த்துக் காணாமல் அச்சுத் தோலின் இடத்தை மதிப்பிட இயலாது.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஃபியோனா வுட்டும் மேரி ஸ்டோனரும் 1990-களில் வளர்த்த தெளிப்பு முறை. சிறிய தோல்துண்டின் செல்களை நொதியால் பிரித்து, நீர்மமாக்கி, புண்ணில் தெளிப்பது இதன் சாரம். 2002 அக்டோபரில் பாலித் தீவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் காயமுற்ற 28 பேர் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது இம்முறை உலகறிந்ததாயிற்று. ஒரே அறுவையின்போதே செல்களை எடுத்துத் தெளிக்கும் இதன் கருவிக்கு அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. இங்கே செல்லின் இடம் துல்லியமாகக் குறிக்கப்படுவதில்லை. புண்ணே வளர்ப்புத் தட்டாகிறது. இடத்தை விட்டுக்கொடுத்துக் காலத்தைப் பெற்ற முறை எனலாம். ஆழமான புண்களுக்கு வலைத்தோல் ஒட்டுடன் சேர்த்தே இது பயன்படுகிறது.

இரண்டாவது, ஜெர்மனியின் போஹும் நகரில் 2015-இல் நிகழ்ந்தது. பிறவி மரபணுக் குறையால் தோல் கொப்பளித்து உரியும் நோயுற்ற சிறுவன் ஒருவன் அங்குள்ள தீப்புண் பிரிவில் சேர்க்கப்பட்டான். இத்தாலியின் மிக்கேலே டி லூகா குழு, அச்சிறுவனின் செல்களில் மரபணுவைத் திருத்தி, ஏடுகளாக வளர்த்தது. உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பரப்பு அவ்வேடுகளால் மூடப்பட்டது. 2017-இல் வெளியான இவ்வாய்வில் அச்சுப்பொறி இல்லை. கிரீனின் வழிவந்த வளர்ப்பு ஏடே இருந்தது. நீண்டகாலம் நிலைத்துப் பெருகும் குருத்தணுக்கள் அவ்வேட்டில் போதிய அளவில் இருந்ததே வெற்றியின் அடிப்படை. எந்தச் செல் எங்கே உள்ளது என்பதைவிட, வைக்கப்படும் செல்களுள் எத்தனை நெடுங்காலம் உயிர்த்துப் புதுப்பிக்கும் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

குருதி ஓட்டச் சிக்கலும் இத்தோடு இணைகிறது. குருதிக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குத் தொலைவுக்கு அப்பால் உள்ள செல்லுக்கு ஆக்சிசன் எளிதில் எட்டுவதில்லை. தடித்த அடித்தோலை அச்சிடும் வல்லமை இருந்தும், அதனுள் குழாய்கள் வளரும் முன்பே செல்கள் மடியக்கூடும். இதனால் ரென்சலேர் தொழில்நுட்பக் கழகத்தின் பங்கஜ் கரண்டேயும் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குழாய்ச் சுவர்ச் செல்களையும் சேர்த்து அச்சிட்ட தோலை எலிகளில் ஒட்டி, அவற்றின் குருதி ஓட்டத்தோடு இணையச் செய்தனர். அம்முடிவுகள் 2019-இல் அறிவிக்கப்பட்டன. மடலுக்கும் ஒட்டுக்கும் இடையிலான பழைய வேறுபாட்டைக் குறைக்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் உணர்வும் கொண்ட முழுமையான தோல் இன்னும் எட்டாத இலக்காகவே உள்ளது.

9. இந்தியச் சூழலில் இவ்வரலாற்றின் பொருள்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீப்புண்ணால் இறப்பதாகவும், அவற்றுள் பெரும்பான்மை குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்வதாகவும் உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீப்புண்ணுக்கு உள்ளாகின்றனர் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடு. எனவே அச்சுத் தோலை யார் பெறுவர் என்ற வினா இந்திய ஆய்வாளருக்குப் புறவினாவன்று.

இந்தியத் தீப்புண் மருத்துவம் தனக்கென ஒரு வழியையும் கொண்டிருந்தது. மும்பையில் எம். எச். கேஸ்வானி 1980-களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் பதித்துப் புண்ணின்மீது கட்டும் முறையை ஆராய்ந்தார். அதனோடு ஒப்பிட்டு வாழையிலைக் கட்டையும் பின்வந்தோர் ஆராய்ந்தனர். இவை தோலை உருவாக்குபவை அல்ல. ஈரத்தைக் காத்து, கட்டை மாற்றும் வலியைக் குறைத்து, தானே ஆறும் புண்ணுக்கு உரிய சூழலைத் தருபவை. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பதனிடும் தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது. கொலாஜனைப் பற்றிய அதன் அறிவு காயங்களுக்கான கொலாஜன் படலங்களை நோக்கியும் விரிந்தது. விலங்குக் கொலாஜனைப் புண்ணுக்குரிய பொருளாக்குவதில் இவ்வாய்வுகளும் யான்னாஸின் சாரமும் ஒரே வேதியியலைச் சார்ந்தவை.

செல் வளர்ப்புக் கூடங்கள், தோல் வங்கிகள், பயிற்சி பெற்ற செவிலியர், தொற்றைத் தடுக்கும் தனியறைகள் ஆகியவை இல்லாத மருத்துவமனையில் அச்சுப்பொறி மட்டும் வந்துசேர்வதால் பயன் விளையாது. வயோமிங் சிறுவர்களை உயிர்பிழைக்கச் செய்ததில் வளர்ப்பு ஏட்டுக்குப் பங்குண்டு. ஏடுகள் வளரும்வரை அவர்களை உயிருடன் காத்த மருத்துவக் கவனிப்புக்கும் அதே அளவு பங்குண்டு.

10. முடிவுரை

தோல் ஒட்டின் வரலாறு ஒரு முறை மற்றொன்றை நீக்கிவிட்டு முன்னேறிய வரலாறாக அமையவில்லை. ரெவெர்டினின் தீவுகள் தெளிப்பு முறையில் தொடர்கின்றன. தியர்ஷின் மெல்லிய ஏடு இன்டெக்ராவின் இறுதிக் கட்டத்தில் தொடர்கிறது. மெடவாரின் எல்லை 2019-ஆம் ஆண்டுப் பன்றி ஆய்விலும் தென்படுகிறது. கிரீனின் வளர்ப்புத் தட்டு பெரும்பாலான அச்சுப்பொறிகளுக்கு முன்னால் இருக்கிறது.

இத்தொடர்ச்சியில் அச்சுப்பொறியின் பங்களிப்பு உண்மையானது: மேடுபள்ளமான புண்ணில் இருவகைச் செல்களை உரிய ஆழத்தில், உரிய வரிசையில், மனிதக் கையால் இயலாத சீர்மையுடன் அது வைக்கிறது. பெருகுதல், பற்றுதல், குருதி பெறுதல் ஆகியவற்றுக்கான காலத்தை அதனால் சுருக்க இயலவில்லை. எனவே அச்சுத் தோலைப் பற்றிய எந்த அறிவிப்பையும் மதிப்பிடும்போது அச்சிடும் வேகத்தை மட்டும் கருதுவது போதாது. செல்கள் யாருடையவை, அவற்றைப் பெருக்க எத்தனை நாள்கள் ஆயின, ஒட்டியபின் குருதி எப்போது எட்டியது, அதுவரை நோயாளி எவ்வாறு காக்கப்பட்டார் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். 1869 முதல் தீப்புண் மருத்துவத்தின் ஒவ்வொரு புதுமையும் இவ்வினாக்களுக்குத் தந்த விடையாலேயே அளக்கப்பட்டுள்ளது. அச்சுத் தோலும் அவ்வாறே அளக்கப்படும்.